மூத்தது இளையதிடம் பொறுப்பை ஒப்படைத்த நாள்

கண் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை எழுதிய பெயின்டருக்கு இடத்தை அளந்து எழுதத் தெரியாது. "கணினிப் பிரிவுத் தலைவர்" என்பதை மேல் வரியில் எறும்பு ஊர்வதுபோல நெருக்கி எழுதிவிட்டு, மிச்சமிருந்த "(பொறுப்பு)" என்பதைக் கீழே தனியாக, கொட்டை எழுத்தில், தாராளமாக எழுதி வைத்துவிட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள். மேல் வரி அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? "பொறுப்புன்னு ஒரு அம்மா இருக்காங்களாமே, அவங்க ரூம் எது?" என்று ஒரு பெரியவர் வந்து கேட்ட அன்றே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வாட்ச்மேனிலிருந்து தலைமை நர்ஸ் வரை எல்லோருக்கும் அவள் பொறுப்பம்மாதான்.

பெயருக்குப் பின்னால் "பொறுப்பு" என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் என்ன அர்த்தம் என்பது ஆபீஸ் வாசனை தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேலை மொத்தமும் உன்னுடையது, நாற்காலி மட்டும் உன்னுடையதில்லை. நிரந்தரத் தலைவர் ஒருவர் வரும்வரை பார்த்துக்கொள் என்று சொல்லி அவளை உட்கார வைத்தார்கள். வரவேண்டியவர் வரவில்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது. கையெழுத்துப் போடுகிற இடத்திலெல்லாம் கீழே அந்த ஒரு சொல்லை அடைப்புக்குறியோடு எழுதி எழுதி அவளுக்கு விரலே காய்த்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார். அவர்தான் மருத்துவமனையின் தலைவர். கண்புரை ஆபரேஷனில் கை தேர்ந்தவர். ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

"அம்மா, அந்த அடைப்புக்குறிய எடுத்துடலாம்னு கமிட்டி சொல்லுது. ஆனா ஒண்ணு. நீங்க அடிக்கடி சொல்ற பொறுப்பு மாற்றப் பயிற்சிய பட்டப்பகல்ல, ஆபரேஷன் நடக்கிற நாள்ல பண்ணிக் காட்டணும். பத்து மணிக்கு ஆரம்பிங்க. ஒரு மணி வரைக்கும் புகார் புத்தகத்துல ஒரு புகார்கூட விழக்கூடாது. விழலைன்னா அன்னிக்கே ஆர்டர். விழுந்தா ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் பார்ப்போம்."

"விழாது சார்" என்றாள் பொறுப்பம்மா. சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, ஆசை தீர அந்தப் பலகையைப் பார்த்தாள். ஆறு வருடம் ஒரு அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்தவளுக்குத்தான் அதன் புழுக்கம் தெரியும்.

பயிற்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையின் விவரமெல்லாம், அதாவது யாருக்கு எந்தக் கண், எந்த நாள், என்ன பவர் லென்ஸ் என்பதெல்லாம், இரண்டு சர்வர்களில் இருக்கிறது. பழையதற்கு மூத்தது என்று பெயர், புதியதற்கு இளையது. மூத்தது வேலை செய்யும். இளையது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அது எழுதுவதையெல்லாம் அப்போதைக்கப்போதே தானும் எழுதிக்கொள்ளும். மூத்தது படுத்துவிட்டால் இளையது எழுந்து பொறுப்பேற்க வேண்டும். ஆள் மாறியது வெளியே தெரியக்கூடாது.

அதற்கு ஒரு விதி உண்டு. எந்தப் புரோகிராமும் மூத்ததை நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்ணைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. "வாசல்" என்ற பொதுப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அப்போது பொறுப்பில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வந்து "என்ன வேணும்?" என்பார்கள். எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால், மூத்தது படுத்த அன்று தொண்டை கிழியக் கத்தினாலும் பதில் வராது.

இந்த விதியைப் பொறுப்பம்மா வேதமாக்கி வைத்திருந்தாள். "வாசல் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். இது வேண்டுகோள் அல்ல" என்று அச்சடித்துப் பதினாலு அறைகளில் ஒட்டியிருந்தாள். கேன்டீனிலும் ஒன்று ஒட்டப்போய், கேன்டீன்காரர் அதை நம்பி டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "கண்ணாடி போட்ட ஐயா, உங்க டீ!" என்று அவர் கூவ, கண் மருத்துவமனையாயிற்றே, பன்னிரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

அன்று காலை சரியாகப் பத்து மணிக்கு, கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் கைகட்டி நிற்க, பொறுப்பம்மா மூத்ததை அணைத்தாள். சும்மா அல்ல, பிளக்கையே பிடுங்கி வைத்தாள். முன்பு செய்த ஒத்திகையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தவை. அரைகுறை ஆட்களோடு, பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும்போது. இதுதான் நிஜம்.

பத்து மணி ஒரு நிமிடத்துக்கு இளையது எழுந்தது. வரவேற்பில் திரைகள் ஒரு தடவை தயங்கி, மறுபடி ஓட ஆரம்பித்தன. பார்வை சோதிக்கும் அறை ஓடியது. மருந்துக்கடை ஓடியது. ஆபரேஷன் தியேட்டர் ஓடியது. கமிட்டி ஆட்களில் ஒருவர், "அவ்வளவுதானா?" என்றார், சர்க்கஸ் பார்க்க வந்து ஏமாந்தவர்போல. அவ்வளவுதான். நன்றாக நடந்த வேலைக்கு வேடிக்கை கிடையாது.

பத்தரைக்கு இன்டர்காம் அடித்தது.

"அண்ணி, பிசியா?"

நாத்தனார். அதாவது அவள் கணவனின் தங்கை. தியேட்டரை ஒட்டிய லென்ஸ் ஸ்டோரில் வேலை. ஆபரேஷனுக்கு எந்த நோயாளிக்கு எந்த லென்ஸ் என்று திரையில் தேடி, அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுப்பவள். வேலையில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. அண்ணி வாங்குகிற புடவையிலிருந்து அண்ணி வைக்கிற சாம்பார் வரை அவள் கருத்துச் சொல்லாத விஷயம் கிடையாது.

"சொல்லு."

"ஒண்ணும் பெரிசா இல்ல. என் திரை நின்னுபோச்சு. உங்க இளையது எல்லாரையும் உபசரிக்குதாம், என்னை மட்டும் வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. நாத்தனார்னா எல்லா வீட்டுலயும் இதே மரியாதைதானா?"

பொறுப்பம்மாவுக்குப் புகார் புத்தகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. "புகார் எழுதிட்டியா?"

"எழுதுவேனா அண்ணி? பேப்பர் நோட்டு இருக்கு. அதுல பார்த்துக் கொடுத்துட்டிருக்கேன். ஆபரேஷன் எதுவும் நிக்கல. ஆனா சீக்கிரம் வாங்க. என் கையெழுத்த என்னாலயே படிக்க முடியல."

பொறுப்பம்மா நெட்வொர்க் பார்க்கிறவரையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. முட்டிவலிக்காரர். எந்த அறையில் எது நின்றாலும் அவர் முதலில் சொல்கிற வாக்கியம், "நெட்வொர்க்ல ஒண்ணுமில்ல." ஒண்ணுமில்லை அண்ணன் என்றுதான் அவருக்குப் பெயர்.

லென்ஸ் ஸ்டோர் ஒரு நீளமான, குளிர்ந்த அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பவர் எண். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தியேட்டர் பக்கம் திறக்கிற ஒரு ஜன்னல். கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் பொறுப்பம்மாவின் அறிவிப்பு. "இது வேண்டுகோள் அல்ல."

"நெட்வொர்க்ல ஒண்ணுமில்ல மேடம்" என்றார் அண்ணன், கதவைத் தாண்டுவதற்கு முன்பே.

"பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே. எல்லா அறையும் ஓடுது. இந்த அறை மட்டும் ஓடல. அப்போ இந்த அறைக்கு வர்ற கேபிள்லதானே கோளாறு இருக்கணும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கெடுதலே. நியாயமாகத் தோன்றிவிட்டால் மனசு அங்கேயே பாய் போட்டுப் படுத்துவிடும். அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் இறங்கினார். பதினொன்றேகாலுக்குப் பெரிய டாக்டரின் உதவியாளர் போன் செய்து, லென்ஸ் ஸ்டோரில் ஏதோ தாமதமாமே என்று கேட்டபோது பொறுப்பம்மா, "நெட்வொர்க்ல ஏதோ இருக்கும்னு நினைக்கிறேன் சார், பார்த்துட்டிருக்கோம்" என்றாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

அதற்குள் அவள் சும்மா இருக்கவில்லை. இளையதிடம் லென்ஸ் ஸ்டோரின் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன. பல இடங்களில் சறுக்குவது இங்கேதான். மூத்தது அடையாளம் வைத்திருக்கிற ஆளை இளையது யாரென்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும். இங்கே அந்தத் தகராறு இல்லை. இந்தக் கம்ப்யூட்டரில் "வாசல்" என்று கேட்டால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். இளையதுதான் வந்தது. இதே கம்ப்யூட்டரில் நோயாளிப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பளிச்சென்று திறந்தது. கேபிளில் கோளாறு இருந்தால் அது மட்டும் எப்படித் திறக்கும்? இந்த இடத்தில் அவள் நின்று யோசித்திருக்க வேண்டும். அண்ணனை மேசைக்கு அடியிலிருந்து வெளியே கூப்பிட்டிருக்கவும் வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

நாத்தனார் ஜன்னலில் ஒரு லென்ஸைக் கொடுத்துவிட்டு வந்து, தேடுகிற திரையை மறுபடி தட்டினாள். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

"என்ன எண்ணுறே?"

"காலைலேர்ந்து பொழுது போக எண்ணிட்டிருக்கேன். தட்டினா, சரியா முப்பது எண்ணி முடிக்கிறப்போ 'இணைக்க முடியவில்லை'ன்னு வருது. இருபத்தொம்பதும் இல்ல, முப்பத்தொண்ணும் இல்ல. அவ்வளவு நேரம் யோசிச்சுட்டு முடியலைன்னு சொல்றதுக்கு உடனே சொல்லிடலாமே. எங்கண்ணன்கிட்ட, உங்க வீட்டுக்காரர்கிட்டதான், கடைக்குப் போங்கன்னு சொன்ன மாதிரி இருக்கு."

பொறுப்பம்மா நிமிர்ந்தாள். "மறுபடி தட்டு."

நாத்தனார் தட்டினாள். இருவரும் சேர்ந்து முப்பது எண்ணினார்கள்.

வீட்டில் ஆள் இருந்து, உள்ளே வராதே என்று சொல்வதானால் உடனே சொல்லிவிடும். முப்பது எண்ணுகிற வரை நிற்க வேண்டியிருக்கிறதென்றால், தட்டுகிற கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை. பூட்டிய வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறது இந்தத் திரை. ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடு இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் யாரைக் கூப்பிடுகிறது என்று ஒரு கட்டளை போட்டுப் பார்த்தாள். பதினொன்றில் முடிகிற எண். இளையதின் எண் பன்னிரண்டில் முடியும். பதினொன்று, காலையில் அவளே பிளக்கைப் பிடுங்கின மூத்தது.

"எவனோ எண்ணைப் போட்டுத் தொலைச்சிருக்கான்!" பொறுப்பம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. "தலைக்கு மேல எழுதி ஒட்டியிருக்கு. எழுதி ஒட்டியிருக்குறதுக்குக் கீழேயே உட்கார்ந்து போட்டிருக்கான் பாரு. படிச்சவனா இவன்? கையில கிடைச்சான்னா..."

"யாரா இருக்கும்?" என்றாள் நாத்தனார் ஆர்வத்தோடு. அவளுக்கு இதெல்லாம் தேன்.

பொறுப்பம்மா அந்தப் புரோகிராமின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். முதல் வரியில் ஒழுங்காக "வாசல்" என்று இருந்தது. கீழே போனாள். நாற்பது வரிக்குக் கீழே, லென்ஸ் தேடுகிற திரைக்கு மட்டும் தனியாக ஒரு வரி. அதில் அந்த எண். அதற்கு மேலே, போட்டவர் எழுதி வைத்த குறிப்பு:

"தற்காலிகம். அடுத்த வாரம் வாசல் என மாற்றவும்."

ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. தேதிக்குப் பக்கத்தில் போட்டவரின் இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம்.

அது அவளுடையது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பொறுப்பம்மாவுக்கு அன்றைக்குத் தெரிந்தது, திரையில், பெரிய எழுத்தில். காது மடல் சுட்டது. அந்த நாள் ஞாபகம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை. பொறுப்பேற்ற புதிது, தினமும் பத்து இடத்தில் தீ. அதில் இது எந்தத் தீயோ?

தோளுக்குப் பின்னால் நாத்தனார் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். குறிப்பைப் படித்தாள், தேதியைப் படித்தாள், எழுத்தைப் படித்தாள். பொறுப்பம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இனி இந்த ஜென்மத்துக்கும் தீராது. ஒவ்வொரு விசேஷத்திலும், ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் இது பரிமாறப்படும்.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். நாத்தனார் வாயைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் போய், இல்லாத ஒரு லென்ஸைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

பொறுப்பம்மா எண்ணை அழித்து "வாசல்" என்று எழுதினாள். திரையைத் தட்டினாள். ஒன்று எண்ணுவதற்குள் திறந்துகொண்டது. மணி பன்னிரண்டு ஐந்து. நாத்தனார் பேப்பர் நோட்டை மூடி இழுப்பறைக்குள் தள்ளினாள். புகார் புத்தகம் கீழே வரவேற்பில் வெள்ளையாகக் கிடந்தது. இனி ஐம்பத்தைந்து நிமிடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும்.

அப்போதுதான் ஜன்னலில் பச்சைத் தொப்பி தெரிந்தது. பெரிய டாக்டர். ஒரு ஆபரேஷனுக்கும் அடுத்ததுக்கும் நடுவில், முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றார்.

"என்ன, திரை சரியாச்சா?"

"ஆச்சு சார்" என்றாள் நாத்தனார் முந்திக்கொண்டு. "எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நான் புகார்கூட எழுதல."

"நெட்வொர்க்தானே? எனக்குத் தெரியும். அந்த ஆளு முப்பது வருஷமா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே காலத்த ஓட்டிட்டாரு. எட்டு மாசம்தானேன்னு பார்த்தேன். இனிமே பார்க்க மாட்டேன். நான் பேசிக்கிறேன் அவர்கிட்ட. உங்க மேல வராதும்மா, கவலைப்படாதீங்க. ஒரு மணிக்கு வந்து ஆர்டர வாங்கிக்கோங்க."

மேசைக்கு அடியிலிருந்து அண்ணனின் தலை மெதுவாக வெளியே வந்தது. தலையெல்லாம் ஒட்டடை. ஒன்றரை மணி நேரமாக முட்டி போட்டு ஒவ்வொரு வயராகப் பிடுங்கி மாட்டியவர். அவர் பெரிய டாக்டரைப் பார்த்தார், பொறுப்பம்மாவைப் பார்த்தார். வழக்கமாகச் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லி என்ன பயன் என்று தோன்றியதோ என்னவோ, மூடிக்கொண்டார்.

பொறுப்பம்மாவுக்கு அந்த ஆர்டர் வேண்டும். இதில் ஒளிவுமறைவு எதற்கு? சோறு வேண்டாம் தூக்கம் வேண்டாம் என்கிற அளவுக்கு வேண்டும். அந்த ஒட்டடைத் தலை மட்டும் இல்லாமல் இருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அது இருந்தது.

"சார், நெட்வொர்க்ல ஒண்ணுமில்ல" என்றாள்.

"பின்னே? யார் பொறுப்பு இதுக்கு?"

"நான்தான் சார் பொறுப்பு."

"அது எனக்குத் தெரியாதா? போர்டுலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே. தப்பு யாருதுன்னு கேக்கறேன்."

"அதைத்தான் சார் சொல்றேன். அந்தப் பொறுப்பு இல்ல, இந்தப் பொறுப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் எண்ணைப் போட்டேன். தற்காலிகம்னு எழுதி வச்சேன். மாத்த மறந்துட்டேன். அண்ணன் உள்ளே வரும்போதே ஒண்ணுமில்லைன்னாரு. நான்தான் கேக்காம அவரை மேசைக்கு அடியில அனுப்பினேன்."

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார். சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்தார். நிறுத்தி நிதானமாக மூன்று வரியையும் படித்தார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"ம்" என்றார். "கோளாறைப் பார்த்தவங்கதான் புகார் எழுதணும். அது ரூல்."

"தெரியும் சார். நானே எழுதிடறேன்."

அவர் லென்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் மூடியதும் நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆத்திரத்தில்தான்.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியல உங்களால?"

"உன்னால முடியுமா?"

"நான் இருந்தேனே! படிச்சுட்டு வாயத் திறந்தேனா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்களை ஒரு வார்த்தை சொல்லாம விட்டது இன்னிக்குத்தான். வாழ்க்கையில முதல் தடவையா வாய மூடினேன் அண்ணி. அதையும் வீணாக்கிட்டீங்க!"

அண்ணன் ஒட்டடையைத் தட்டிக்கொண்டே, "நான் கேபிளையெல்லாம் திருப்பி மாட்டிடறேன் மேடம்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவர் ஒருநாளும் அவளுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவரில்லை. அன்றைக்கு நின்றார்.

பொறுப்பம்மா கீழே போய், வரவேற்பில் புகார் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். அன்றைய பக்கம் சுத்தமாக இருந்தது. புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். காரணமானவர் என்ற இடத்திலும் தன் பெயரை எழுதினாள். வரவேற்பில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "மேடம், ரெண்டு இடத்துலயும் ஒரே பேர் வந்திருச்சு. வேற தாள் தரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா. சரியாத்தான் இருக்கு."

மேலே வந்து அறையை உள்ளே சாத்திக்கொண்டாள். அழவில்லை. ஆனால் துக்கமாக இருந்தது. சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று சொல்கிறவர்கள் யாரும் ஆறு வருடம் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு படியேறியவர்களில்லை. ஏமாற்றம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இன்னும் ஆறு மாதம். நூற்று எண்பது நாள். கணவனுக்குப் போன் செய்து, "கிடைக்கலைங்க" என்றாள். அவன், "சாப்பிட்டியா?" என்று கேட்டான். வேறு என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மீதி நேரத்தை வீணாக்கவில்லை. எல்லாப் புரோகிராமிலும் எண்ணைத் தேடினாள். வேறு எங்கும் இல்லை. மருத்துவமனை முழுக்க விதியை மீறியவள் அவள் ஒருத்திதான்.

ஒன்றரை மணிக்குக் கவர் வந்தது. பிரித்தாள். "பயிற்சியின்போது ஒரு புகார் பதிவானதால் பணி நிரந்தரம் குறித்த முடிவு மூன்று மாதங்களுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது."

மறுபடி படித்தாள். மூன்று மாதம். ஆறு என்றல்லவா சொன்னார்? தட்டச்சுப் பிழையாக இருக்கும். வேறு யாராவது இருந்தால் பேசாமல் மடித்து வைத்திருப்பார்கள். பொறுப்பம்மாவுக்கு அந்தப் புத்தி இல்லை என்பதுதான் சற்று முன்னாலேயே தெரிந்துவிட்டதே. கடிதத்தை எடுத்துக்கொண்டு கமிட்டி கிளார்க்கிடம் போனாள்.

"பிழை இல்ல மேடம்" என்றார் கிளார்க். "புகார் புத்தகத்தப் பார்த்துட்டுத்தான் பெரிய டாக்டர் சொன்னாரு. பாதிக்குப் பாதின்னாரு."

"என்ன பாதி?"

அவர் புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுதிய புகாருக்குக் கீழே, எழுதினவளாலேயே படிக்க முடியாத அந்தக் கோழிக் கிறுக்கலில், பன்னிரண்டு ஐம்பது என்று நேரம் போட்டு எழுதியிருந்தது:

"மேற்படி வரி எனக்காக எழுதப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள். தேடுகிற திரை வாசல் என்ற பெயரை ஏற்கவில்லை. நோயாளி தியேட்டரில் படுத்திருந்தார். எனக்கு வேலை போய்விடும் என்று அழுதுகொண்டிருந்தேன். அண்ணி ஓடிவந்து இரண்டு நிமிடத்தில் எண்ணைப் போட்டுத் திறந்து கொடுத்தார்கள். அடுத்த வாரம் மாற்ற வேண்டும், மறக்காமல் ஞாபகப்படுத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தொட்டால் மறுபடியும் நின்றுவிடுமோ என்று பயந்து நான் ஞாபகப்படுத்தவே இல்லை. ஆகவே இதில் பாதி என்னுடையது."

"அவங்களுக்கும் ஒரு கவர் போயிருக்கு மேடம்" என்றார் கிளார்க் தயங்கித் தயங்கி. "அடுத்த மாசம் அவங்க ஸ்டோர் இன்சார்ஜ் ஆகறதா இருந்துச்சு. அதுவும் மூணு மாசம் தள்ளிப்போச்சு."

பொறுப்பம்மா இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் இறங்கினாள். லென்ஸ் ஸ்டோர் ஜன்னலில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். நாத்தனார் திரையைப் பார்த்துப் பவரைப் படித்து, இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்து, இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தாள். நர்ஸ் போனதும்கூடத் திரும்பவில்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, பாதியத் திருப்பிக் கொடுக்க மூச்சிரைக்க ஓடி வருவீங்க. வந்துட்டீங்க பாருங்க." நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உங்களுக்கு அது ஞாபகமே இல்லல்ல அண்ணி?"

"இல்ல."

"எனக்கு அந்தத் தேதிகூட ஞாபகம் இருக்கு. ஆறு வருஷமா தினமும் அந்தத் திரை திறக்கிறப்போ ஒரு தடவை நினைச்சுப்பேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அதனாலதான் புடவையப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்."

பொறுப்பம்மாவுக்குக் காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. சத்தம் போட்டே அழுதாள். நாத்தனார் பதறிப்போய் ஜன்னலைச் சாத்தி, இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அண்ணி, முதல்ல உட்காருங்க" என்றாள்.